சூரியனுக்கே வயர் கொடுத்த பேட்டரி

குணசீலன் வாயைத் திறந்தால் ஊட்டிக் குளிரே ஒதுங்கி நிற்கும். அவருடைய பேட்டரிக் கடை வாசலில்தான் ஜோகியின் மின்சார ஆட்டோ அன்று காலை உயிரை விட்டது. உள்ளே ஐந்து பிள்ளைகள், அரையாண்டுப் பரீட்சை. நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் நாளை முதல் அம்மாமார் வேறு ஆட்டோ பார்த்துவிடுவார்கள். போன வாரம் அவன் தலையில் அந்த சோடியம் பேட்டரியைக் கட்டியதே குணசீலன்தான்.

"என் பேட்டரி நிக்கவே நிக்காது தம்பி," என்றார் அவர், மஃப்ளரை இறுக்கிக்கொண்டு. "மத்தவன் பேட்டரிக்குள்ள இருக்கிற திரவம் குளிர்ல அல்வாவா இறுகிடும். உப்பு நகராது, கரண்டு வராது. நான் கலந்த திரவம் உப்பைத் தொட்டும் தொடாமலும்தான் பிடிச்சிருக்கும், குளிர்லயும் உப்பு ஓடும். லடாக்குல போட்டுப் பார்த்தேன். அடுப்புத் தீயே உறைஞ்சு நின்னுது, ஒடிச்சுப் பையில போட்டுக்கிட்டேன். பேட்டரி மட்டும் ஓடுது!"

"அப்ப டீ எப்படிக் குடிச்சீங்க?" என்றார் பக்கத்து டீக்கடை கரீம்.

"எங்க குடிக்கிறது? கடிச்சுத் தின்னேன்."

"அண்ணே, மணி அடிச்சுருவாங்க," என்றான் ஜோகி.

"அட, கேளு. இன்னும் மேல போனா, கரண்டே கம்பிக்குள்ள கட்டியாயிடுச்சு. என் பேட்டரியை வெச்சதும் சொட்டுச் சொட்டா உருகி ஊருக்கே விளக்கு எரிஞ்சுது. அதுக்கும் வடக்கே துருவம். சூரியன் ஸ்டார்ட் ஆகாம கடலுக்குப் பின்னாடியே நிக்குது. ஆறு மாசமா இருட்டு. ரெண்டு வயரை நீட்டினேன், ஒரே கிக்! மேல வந்து எனக்கு வணக்கம் வெச்சுட்டுத்தான் வேலைக்கே போச்சு."

"சூரியனையே கிளப்பினவரு, இதையும் கிளப்புங்க." ஜோகி சாவியை நீட்டினான்.

குணசீலன் திருகினார். மறுபடியும் திருகினார். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஆட்டோ முனகக்கூட இல்லை. அவர் பேட்டரியைத் தட்டிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் வெயில் ஏறட்டும். தானாக் கிளம்பும்."

"பேட்டரி உறைஞ்சே போச்சு," என்றார் கரீம். "இவருக்குத்தான் ஒண்ணும் உறைக்கல."

ஜோகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, பள்ளிக்கூடம் இறக்கத்தின் அடியில்தான் இருந்தது. குணசீலனை மஃப்ளரோடு பிடித்து ஆட்டோவுக்குப் பின்னால் நிறுத்தினான்.

"அள்ளிவிட்டது போதும்ண்ணே. இப்பத் தள்ளிவிடுங்க."