கஞ்சி ஊற்றிய தரை

செங்கமலம் கைக்குழந்தை பொன்னியோடு அந்த மலையடி மடத்துக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மடத்துக் குருவம்மாவுக்கு அவளைவிட ரெண்டு வயசு கூட இருந்தால் அதிகம்.

ஒருநாள் காலையில் செங்கமலம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“குருவம்மா, தியானத்துக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தா பொன்னி முந்தானையைப் பிடிச்சு இழுக்கிறா. ஒரு அடி முன்னால போக விடமாட்டேங்கிறா. சாயங்காலம் எங்க அண்ணன் மாட்டுவண்டியில வருது. அதோட இவளை அனுப்பிடட்டுமா?”



“அடுப்படியில ஒரு ஆட்டுக்கல் சும்மா கிடக்கு. அதை வாசலுக்கு இழுத்துட்டு வா” என்றாள் குருவம்மா.

செங்கமலம் பிள்ளையைத் தூணோரம் உட்காரவைத்தாள். கல்லில் கயிறு கட்டி மூச்சுப் பிடித்து இழுத்தாள். நாலு விரற்கடை நகர்ந்தது. கருங்கல் தளம் அவ்வளவு சொரசொரப்பு.

‘இந்தத் தரை விட்டாத்தானே’ என்று முணுமுணுத்தவள், வடித்த கஞ்சியை வாசல்வரை ஊற்றிவிட்டாள்.

மறுபடியும் இழுத்தாள். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள்தான் கல்லைப் பார்த்து வழுக்கிக்கொண்டு போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். பொன்னி கைதட்டிச் சிரித்தாள்.

“கால் நிக்கவே மாட்டேங்குது குருவம்மா.”

“தரை பிடிச்சு வைக்கக் கூடாதுன்னுதானே ஊத்தினே?”

“கல்லைத்தான் பிடிக்க வேண்டாம்னேன். என்னையுமா?”

“தரைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா, என்ன?”

செங்கமலம் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து, காலடியில் ஒவ்வொரு கையாகத் தூவித் தூவி இழுத்தாள். கல் வாசலுக்கு வந்து சேர உச்சிப்பொழுது ஆனது.

சாயங்காலம் அண்ணன் வேலப்பன் வந்தான்.

“பிள்ளையைக் கொடு செங்கமலம், இருட்டப் போகுது.”

முந்தானையைப் பிடித்திருந்த குட்டி விரல்களை விலக்கப் போனாள். குனிந்தபோது தன் பாதம் கண்ணில் பட்டது. சாம்பல் இன்னும் ஒட்டியிருந்தது. அப்படியே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பிள்ளை எங்கிட்டயே இருக்கட்டும் அண்ணே.”

“இதைச் சொல்லத்தான் இம்புட்டு தூரம் மாட்டை விரட்ட வச்சியா?”

“வெறும் வண்டியா போகாதே வேலப்பா. அந்த ஆட்டுக்கல்லை ஏத்திக்கோ” என்றாள் குருவம்மா.

செங்கமலம் கும்பிடப் பார்த்தாள். ஒரு கையில் பிள்ளை. மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்னு காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா குருவம்மா?”

“எனக்கு என்ன தெரியும்? உங்க அண்ணி ஆட்டுக்கல் இல்லாம கஷ்டப்படுறான்னு நீதான் சொன்னே. அவ பிள்ளை வேணும்னு கேட்டதா நீ சொல்லலையே.”