முப்பத்திரண்டு பட்டமும் ஒரு சேதியும்

முன்னொரு காலத்தில் வல்லக்கரை நாட்டை வச்சிரபாகு என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் புகழ்ச்சி என்றால் கொள்ளைப் பிரியம். வெறும் "மகாராசா" என்று கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இது தெரிந்த ஆஸ்தானப் புலவர் சூடாமணி, அவருக்கு முப்பத்திரண்டு பட்டம் கட்டிக்கொடுத்தார். 'பகைவர் குலக் காலன்', 'ஏழுகடல் ஏந்தல்', 'மேகத்துக்கே மூத்தவன்'... அப்பப்பா, முழுக்கச் சொன்னால் எனக்கே மூச்சு வாங்கும்.

அதோடு விட்டாரா புலவர்? சட்டமும் போடவைத்தார். ஊருக்கோ அரசவைக்கோ எந்தச் சேதி சொன்னாலும், ஓலையில் எழுதினாலும், முப்பத்திரண்டையும் சொல்லிவிட்டுத்தான் சொல்லவேண்டும். சொல்லி முடிக்கும்வரை கேட்பவர் வாய் திறக்கக்கூடாது, அசையக்கூடாது. ஒரு பட்டம் குறைந்தாலும் சொன்னவன் நாக்கு அறுபடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பெரிய ஏரி நிரம்பித் ததும்பியது. ஒரு மத்தியானம் ஏரிக்காவல்காரன் முரசு அடிப்பவரிடம் தலைதெறிக்க ஓடிவந்தான். "அண்ணே, கரை பிளக்குது! கீழத்தெரு சனத்தை மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க!"

முரசறையும் கூத்தையன் மேடையேறி முரசை அடித்தார். கீழத்தெரு மொத்தமும் வாசலுக்கு வந்து, சட்டப்படி அசையாமல் நின்றது. அவர் பட்டங்களை ஆரம்பித்தார். அவசர அவசரமாகத்தான் சொன்னார், பாவம். இருபத்தாறாவது பட்டத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

நாற்பது உயிர் போயிற்று.

மறுநாள் அரசவையில் கூத்தையனைக் கைகட்டி நிறுத்தியிருந்தார்கள்.  புலவர் பேசினார்.

"ஏழுகடல் ஏந்தலே, சேதி தாமதமானது இவனால். நாளைக்கு இவன் தலையை வாங்குவோம். நீங்கள் சனங்கள் முன்னால் நான் எழுதிய உரையைப் படித்தால் போதும். 'வருணனின் திருவிளையாடல்' என்று தொடங்கியிருக்கிறேன். கேட்டால் கல்லும் உருகும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராசா. சனங்களை நேருக்கு நேர் பார்த்துச் சொந்தமாகப் பேச அவருக்குத் தைரியமில்லை.

அமைச்சர் அறவாழி எழுந்தார். "அடியேன் ஒரு சேதி சொல்லவேண்டும்."

அமைச்சரைக் கண்டாலே புலவருக்கு ஆகாது. "சட்டப்படி சொல்லும் ஓய்! உமக்குத்தான் நாலு வார்த்தைக்கு மேல் வராதே" என்று இளித்தார்.

அமைச்சர் சிம்மாசனத்தின் பக்கம் போனார். தூபக்காலைக் காலால் லேசாகத் தட்டினார். ஒரு கங்கு உருண்டு, தரையில் புரண்ட ராசாவின் பட்டுச் சால்வையில் விழுந்தது. அமைச்சர் நிதானமாக, "பகைவர் குலக் காலன், ஏழுகடல் ஏந்தல்..." என்று ஆரம்பித்தார். சபை தலைகுனிந்து நின்றது. புகை கிளம்பியது புலவர் கண்ணிலும் பட்டது. வாயைத் திறந்தால் அவர் போட்ட சட்டமே அவர் கழுத்தைப் பிடிக்கும். முழித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதாவது பட்டத்தில் ராசா அலறிக்கொண்டு குதித்தார். அமைச்சர் சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குடத்தை எடுத்து அப்படியே ஊற்றினார்.

"யோவ்! தீப்பிடிக்குதுன்னு முதல்லயே சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே!"

"அதைச் சொல்லத்தான் வந்தேன் மகாராசா. இன்னும் இருபத்துமூன்று பட்டம் பாக்கி."

அமைச்சர் குடத்தைக் கீழே வைத்தார்.

"கங்கைத் தள்ளியது நான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் தள்ளினேன். கீழத்தெருவுக்கு நாம் எதையுமே வைக்கவில்லையே."

ராசா கருகி நனைந்த சால்வையைக் கழற்றிக் கீழே போட்டார். பிறகு, "கூத்தையன் கட்டை அவிழுங்கள்" என்றார். "அமைச்சரே, நாளைக்கு நான் என்னதான் பேசுவது?"

"செத்தவர்கள் பேரைச் சொல்லுங்கள். தப்பு யாருடையது என்று சொல்லுங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்."

ராசா புலவரைப் பார்த்தார். "அழகாக எழுதுகிறவரே, வீடுவீடாகப் போய்ப் பேர் கேட்டு எழுதிவாரும்." புலவர் முழங்கால் சேற்றில் இறங்கிப் போனார்.

மறுநாள் ராசா கிரீடம் இல்லாமல் முரசு மேடையில் நின்றார். முப்பத்தொன்பது பேரை ஒவ்வொன்றாகப் படித்தார். பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தார். "தப்பு என்னுடையது. என் பட்டங்கள்தான் உங்கள் சேதியைத் தடுத்தன" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "கரை பிளக்குறது உங்களுக்கு எப்ப தெரியும், ராசா?"

ராசா கீழே நின்ற அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார். ராசாவே சொன்னார்: "மூன்று நாள் முன்னாடியே ஏரிக்காவலிலிருந்து ஓலை வந்திருக்கிறது, தாயே. அதில் பட்டங்கள் எழுதவில்லை என்று பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டோம். நேற்றுத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்."

யாரும் அவரை ஏசவில்லை. அழுதார்கள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அப்போது கூத்தையன் முன்னால் வந்தார். "ராசா, ஒரு உசுரு விட்டுப்போச்சு."

புலவர் பதறினார். "அது பேர் வைக்காத பிள்ளை மகாராசா. பேர் இல்லாததை எப்படி எழுதுவது என்று..."

"என் பேரன்" என்றார் கூத்தையன். "பொறந்து பன்னெண்டு நாள். பதினாறாம் நாள் பேர் வைக்கிறதா இருந்தோம். என் மக அவனை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. மேடையிலேருந்து பாத்துக்கிட்டேதான் சொன்னேன். என் நாக்குக்குப் பயந்துட்டேன் ராசா. மக பொழச்சுட்டா, பிள்ளை கையை விட்டுப் போயிட்டான்."

ராசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் பட்டங்களில் உனக்குப் பிடித்ததை அந்தப் பிள்ளைக்கு வைத்துக்கொள், கூத்தையா."

"வேணாம் ராசா. அதையெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளதான் அவன் போனான்."

ராசா அங்கேயே சட்டத்தை ஒழித்தார். அதற்கப்புறம் அவர் முன்னால் யாரும் அந்தப் பட்டங்களைச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அடுத்த ஐப்பசியில் கரை மறுபடி பிளந்தது. கூத்தையன் முரசை அடித்து, "ஓடுங்க!" என்று ஒரே வார்த்தை சொன்னார். கீழத்தெருவில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. எல்லோரும் மேட்டில் நின்று கூத்தையனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் மட்டும் மேடையிலேயே உட்கார்ந்து, முரசின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு வருஷத்து அழுகையை அழுதார்.