மூன்றாவது பெயர்

பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய டார்கஸ் அம்மையாரிடம், நாற்பது வயதில் அச்சுக்கோக்கும் தொழில் கற்க வந்தவன் காலேப். சொந்த ஊர் ரோட் ஐலண்ட். விடுதலைப் போரில் இடது காதைப் பறிகொடுத்தவன்.

1787 கோடையில் புதிய அரசியல் சாசனத்தின் வரைவு அச்சுக்கு வந்தது. "மக்களாகிய நாங்கள்" என்று தொடங்கி, பதின்மூன்று மாநிலங்களின் பெயர்களும் வரிசையாக நின்றன. மூன்றாவது பெயர் ரோட் ஐலண்ட். அதைத் தன் கையால் கோத்த அன்று முழுக்கக் காலேப் சீட்டியடித்தான்.

பக்கத்து மேசை டோபியாஸுக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா ரோட் ஐலண்டு, சாசனம் எழுதும் சபைக்கு ஓர் ஆளைக்கூட அனுப்பாத ஊருக்குப் பெயர் ஒரு கேடா? எழுத்து எடுக்கும் இடுக்கியைக் கொடு, நானே பிடுங்கிப் போடுகிறேன்."

"தொட்டுப் பார்," என்றான் காலேப்.

செப்டம்பரில் சபையிலிருந்து திருத்தம் வந்தது. பதின்மூன்று பெயர்களும் நீக்கம்; அவற்றுக்குப் பதில் ஒரே புது வரி.

காலேப், மை படாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தோலை அவிழ்த்து ஆணியில் மாட்டினான்.

"ஊருக்குப் போகிறேன், அம்மா. நாங்கள் இல்லாத தாளுக்கு நான் ஏன் மை தடவ வேண்டும்?"

"போ. அந்தப் பெயர்களைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போ."

வரிகளைக் கலைத்து, ஒவ்வோர் ஈய எழுத்தையும் எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டான். தன் ஊரைக் கடைசிவரை கையில் வைத்திருந்தான். பிறகு அதையும் போட்டான்.

"இப்போது உன் ஊரைத் திரும்ப எடு," என்றார் அம்மையார்.

காலேப் அறைகளைப் பார்த்தான்.

"எதை எடுப்பது? வர்ஜீனியாவின் எழுத்துகளோடு கலந்துவிட்டதே."

"சரி, புது வரியைக் கோத்துக் கொடு."

அதே அறைகளிலிருந்து எடுத்துக் கோத்தான். அம்மையார் மை தடவி ஒரு தாள் அடித்தார்.

"வாசி."

"அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்களாகிய..."

'நாங்கள்' என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "நாம்" என்று வந்தது.

மை காயும்படி தாளை ஊதினான்.

"ஊருக்கு ஒன்று அனுப்பலாமா, அம்மா?"

டோபியாஸ் சிரித்தான். "ஆள் அனுப்பாதவனெல்லாம் நாமா?"

அம்மையார் இடுக்கியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இந்தா. இதிலிருந்து ரோட் ஐலண்டைப் பிடுங்கு, பார்க்கலாம்."