தூணுக்கும் எடுப்பான சுத்துக் கவுன்

கொக்கம்பாளையத்தில் புத்திக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. பங்கு பிரித்ததில்தான் கோளாறு. ராமாத்தா வீட்டில் அஞ்சு பிள்ளைகள். அந்த வீட்டுக்கு வரவேண்டிய புத்தி மொத்தமும் கடைக்குட்டிப் பெண் பூவாத்தாளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூத்தவர்கள் நாலு பேரும் அதற்காகக் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. இல்லை என்று தெரிந்தால்தானே குறைப்படுவதற்கு!

சென்னியப்பன், மாரப்பன், வையாபுரி, குப்பணன். வயசுப்படி அதுதான் வரிசை. நாலு பேரும் ஒரே அச்சில் அறுத்த செங்கல். ஒரே உயரம், ஒரே தடிமன். காலையில் கொடியில் எந்தச் சட்டை கையில் சிக்குகிறதோ அதை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எவன் சட்டையும் எவனுக்கும் சரியாக இருக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

நான் பூவாத்தாளின் தையல் கடைக்கு எதிரே பஞ்சர் ஒட்டுகிறவன். டயரையும் அந்த நாலு பேரையும் பார்த்தே என் பகல் கழிகிறது. டயராவது காற்றுப் போனால் சத்தம் கொடுக்கும்.

பூவாத்தாள் வருஷக்கணக்காக ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைத்துக் களைத்துப் போயிருந்தாள். ஏதாவது ஒரு பெரிய ஆர்டர் வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் கோயமுத்தூரில் துணிக்கடை வைத்திருக்கும் மிருதுளா மேடம் போனில் கூப்பிட்டு, ராப் டிரஸ் ஒன்று தைத்துக் காட்டச் சொன்னார்.

எங்கள் ஊரில் அதற்குச் சுத்துக் கவுன் என்று பேர் வைத்துவிட்டோம். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது. முன்பக்கம் திறந்து கிடக்கும். ஒரு பக்கத்தை இழுத்து இன்னொரு பக்கத்தின் மேல் போட்டு, நாடாவால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டவேண்டியது. அவ்வளவுதான். பூவாத்தாள் கத்தரிப்பூ நிறத்துப் பருத்தியில், கீழே குடை மாதிரி விரிய, ரெண்டு ஆள் நீளத்துக்கு நாடா வைத்து ஒன்று தைத்து முடித்தாள். பார்த்தால் கண்ணுக்கு அத்தனை குளுமை.

மேடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பொம்மைக்குப் போட்டா எந்தத் துணியும் நல்லாத்தான் இருக்கும்மா. என்ற கடைக்கு வர்றவங்க குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டைன்னு எல்லாரும்தான். அத்தனை உடம்புக்கும் எடுப்பா இருக்குதான்னு நான் கண்ணால பாக்கோணும்."

அவர் வருகிற நாளன்று பூவாத்தாள் டவுனுக்குப் போய் அதே துணி இன்னும் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு, மெயின் ரோட்டுப் பிரிவில் நின்று மேடத்தைக் கூட்டி வரவேண்டியிருந்தது. பஸ் வந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, நாலு மணிக்கு அந்தம்மா வந்துருவாங்க. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டைன்னு நாலு பேரத் தயாரா நிறுத்தி வைங்க. நாடாவ நல்லாச் சுத்தி இறுக்கிக் கட்டோணும், அதுலதான் அழகே. பாத்துப் பண்ணுங்கண்ணா. என்ற பொழப்பு இதுலதான் இருக்குது."

"நீ போயிட்டு வா அம்மிணி, நாங்க பாத்துக்கறோம்" என்றான் சென்னியப்பன்.

அவள் நினைத்தது அக்கம்பக்கத்துப் பெண்களை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

"நாலு பேர் வேணும்னா" என்றான் மாரப்பன்.

"நாமதான் நாலு பேர் இருக்கறமே" என்றான் சென்னியப்பன். "வெளியாளுக வேற எதுக்கு?"

கணக்கு இத்தனை சுளுவாகத் தீர்ந்ததில் நாலு பேருக்கும் ஏக சந்தோஷம். அப்புறம்தான் குப்பணன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். "ஏண்ணா, நம்மள்ல குண்டு ஆரு?"

ஒருத்தனை ஒருத்தன் ஏற இறங்கப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேனே, ஒரே அச்சு.

"நான் மூத்தவன்" என்று கடைசியில் சென்னியப்பன் கனைத்துக்கொண்டான். "குண்டு எனக்குத்தான். மாரப்பன் நெட்டை. வையாபுரி ஒல்லி. குப்பணன் கடைசி, அவனுக்குக் குட்டை. ஆரும் சண்டை போடக் கூடாது."

"நான் எப்பவுமே குட்டைதானா?" என்று குப்பணனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னைக்கு மட்டும்தான் சாமி. நாளைக்கு மாத்திக்கலாம்."

சென்னியப்பன் குண்டாவதற்கு இட்லி வாங்கி வந்தார்கள். ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு தடவை குப்பணன் டேப்பைப் போட்டு இடுப்பை அளந்தான். இட்லி குறைந்துகொண்டே வந்தது, இடுப்பு அப்படியே இருந்தது.

"டேப்பும் கூடவே பெருசாகுதோ என்னமோ" என்றான் மாரப்பன்.

டேப்பைக் கொண்டுவந்து என் சைக்கிள் ரிம்மில் சுற்றிப் பார்த்தார்கள். டேப்பின் மேல் தப்பில்லை என்று தெரிந்ததும் இட்லியின் மேல் சந்தேகம் விழுந்தது. கடைசியில் மூலையில் கிடந்த பனியன் கம்பெனி வேஸ்ட் துணி மூட்டையை அவிழ்த்து அண்ணன் சட்டைக்குள் அடைத்தார்கள். முன்னால் அடைத்தார்கள், பின்னால் அடைத்தார்கள், மிச்சமானதைக் கன்னத்தில் வைக்கலாமா என்றுகூடக் கேட்டார்கள். அதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

வையாபுரிக்கு வேலை சுலபம். வயிற்றை எக்கி மூச்சை அடக்கினால் ஒல்லி. ஆனால் மூச்சு விட்டால் பழையபடி ஆகிவிடுகிறானே! "அந்தம்மா போற வரைக்கும் விடாத" என்று உத்தரவாயிற்று. அவனும் முடிந்தமட்டும் அடக்கினான். முகம் சிவந்து, கறுத்து, கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா, கவுனுக்குத் தோதான கலரு" என்றான் மாரப்பன். "ஒல்லியானவங்களுக்கு இது பொருந்தும்னு எழுதிக்கலாம்."

தங்கச்சிக்காகத்தான் இத்தனையும் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர்கள் படாத பாடு பட்டார்கள். யாருக்கும் கால்காசு ஆசை இல்லை. அதனால்தான் பார்க்கவே பயமாக இருந்தது.

மாரப்பன் ஸ்டூல் மேல் ஏறி நெட்டையானான். கீழே ஸ்டூல் கால்கள் பளிச்சென்று தெரிந்தன.

"இவனுக்கு மொத்தம் ஆறு காலு தெரியுதே" என்றான் குப்பணன்.

சென்னியப்பன் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: "நெட்டையானவங்களுக்கு மேல பாரம் ஜாஸ்தி. ரெண்டு காலு எப்படிப் பத்தும்?" எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

குப்பணனைக் குட்டையாக்கத் தென்னங்கன்றுக்கு எடுத்திருந்த குழியில் இறக்கினார்கள். இடுப்பு வரைக்கும் காணாமல் போனது. "அருமையான குட்டை" என்று பாராட்டினார்கள். ஆனால் மேடம் கடைக்குள்ளே வருவாரே, குழியை எப்படி உள்ளே கொண்டுபோவது? குழியைத் தூக்கலாமா என்று மண்வெட்டியோடு ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். பிடிமானம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். குப்பணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலே போதும் என்று முடிவானது.

உடம்பு நாலும் தயார். இனிமேல்தான் பெரிய சிக்கல்.

"கவுனு ஒண்ணுதான இருக்குது?" என்றான் மாரப்பன் ஸ்டூல் மேலிருந்து.

"ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போட்டுக் காட்டலாம்" என்றான் குப்பணன்.

"நாலு பேரத் தயாரா நிறுத்துங்கன்னுதான் பாப்பா சொல்லுச்சு. ஒருத்தன் போட்டிருக்கறப்ப மத்த மூணு பேரு தயாரா இல்லாமப் போயிருவமே!" என்றான் சென்னியப்பன். "சுத்துக் கவுனோட விசேசமே என்ன? எந்த உடம்பா இருந்தாலும் சுத்திக் கட்டிரலாம். அப்பறம் எதுக்கு ஒவ்வொண்ணாக் கட்டறது?"

மூச்சை அடக்கிக்கொண்டிருந்த வையாபுரிகூட இதற்குத் தலையாட்டினான்.

மாரப்பன் ஸ்டூல் மேல் நின்று கவுனில் கையை நுழைத்துக்கொண்டான். விரிந்த கீழ்ப்பாகத்துக்குள் மற்ற மூணு பேரும் புகுந்தார்கள். ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை என்பதால் கடை முன்னாலிருந்த தூணோடு சாய்ந்துகொண்டார்கள். துணி ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் வையாபுரியின் கத்தரிப்பூ முகம் எட்டிப் பார்த்தது. அதற்கும் கீழே குப்பணன் முகம். நாடாவை யார் சுற்றுவது? எல்லோரும் உள்ளே.

"நாடா சுத்தலீன்னா நாம சுத்துவோம்" என்றான் சென்னியப்பன். நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு மூணு பேரும் தூணைச் சுற்றி நகர்ந்தார்கள், ஸ்டூலும் மாரப்பனும் கூடவே நகர்ந்தார்கள். சுற்றி முடித்து முடிச்சுப் போட்டபோது தூணும் கவுனுக்குள் இருந்தது.

"பஞ்சர்க்காரண்ணா!" என்று பனியன் வேஸ்டுக்குள்ளிருந்து சென்னியப்பன் குரல் வந்தது. "எங்களுக்கு எங்களப் பாக்க முடியல. எப்படி இருக்குதுங்க?"

"தூணுக்கு நல்லா இருக்குதப்பா" என்றேன்.

"கேட்டீங்களாடா? தூணுக்கும் பொருந்துதாமா!" என்று உள்ளே ஒரே ஆரவாரம்.

அந்த நேரத்தில்தான் கார் வந்து நின்றது. பூவாத்தாள் முதலில் இறங்கினாள். தூணைப் பார்த்தாள். தூணுக்கு முளைத்திருந்த தலைகளைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"போச்சு" என்றாள். "என்ற பொழப்பே போச்சு. இத்தன நாளா ராத்திரி பகல்னு தைச்சது இதுக்குத்தானாண்ணா?" கண்ணில் தண்ணீர் நின்றது.

"அழுகாத அம்மிணி, நீ சொன்னபடியேதான் எல்லாம் இருக்குது" என்று மாரப்பன் அவளைத் தேற்றக் குனிந்தான். ஸ்டூல் நழுவி உருண்டது. கட்டி வைத்த நாலு பேரும் மொத்தமாகச் சரிந்தார்கள். விழவில்லை. தூணில் இறுகியிருந்த நாடா பிடித்துக்கொண்டது. நாலு அண்ணன்மாரும் தூணில் மாட்டிய மூட்டையாகத் தொங்கினார்கள். வையாபுரி மட்டும் அப்போதுதான் மூச்சு விட்டான். அது என் கடை வரைக்கும் கேட்டது.

மிருதுளா மேடம் காரிலிருந்து இறங்கி வந்தார். தாராளமான உடம்புக்காரர், மெதுவாக நடந்து தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாடாவை இழுத்துப் பார்த்தார். தையலை விரலால் தடவினார்.

"நாலு ஆளு தொங்கறாங்க, ஒரு தையல் விடலியே?" என்றார்.

"ரெட்டைத் தையலுங்க மேடம்" என்றாள் பூவாத்தாள் அழுகைக்கு நடுவே.

மேடம் முடிச்சை அவிழ்த்தார். அண்ணன்மார் பொத்தென்று கொட்டினார்கள். கவுனை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போய், போட்டிருந்த சுடிதார் மேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார்.

"எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே இன்னைக்குத்தாம்மா தெரியுது" என்றார் வெளியே வந்து.

அப்புறம் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் பூவாத்தாளுக்குக் கட்டிப் பார்த்தார். அவளுக்கும் உடம்பில் ஒரு வளைவு வந்து, கல்யாணப் பெண் மாதிரி நின்றாள். அண்ணன்மார் நாலு பேரும் தரையில் கிடந்தபடியே வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"சத்தியமாச் சொல்றேன், இது எந்த உடம்புக்கும் எடுப்பா இருக்கும்" என்றார் மேடம். "அம்பது வேணும். இன்னைக்கு நான் இங்க வந்ததும் எப்படிப் பாத்தனோ அதே மாதிரி, ஒரு இம்மி மாறாம வேணும்."

பூவாத்தாள் சிரித்தாள், அழுதாள், ரெண்டையும் சேர்த்துச் செய்தாள். துணி எடுக்க மேடத்தோடு அதே காரில் ஏறி டவுனுக்குப் பறந்துவிட்டாள். போகிற சந்தோஷத்தில் அண்ணன்மாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் என்னிடம் கடப்பாரை கேட்டு வந்தார்கள்.

"எதுக்கப்பா?"

"அந்தம்மா வந்ததும் பாத்த மாதிரியே அம்பது கேட்டாங்கல்லங்க?" என்றான் சென்னியப்பன். "ஸ்டூலு அம்பது பள்ளிக்கூடத்துல வாங்கிக்கலாம். ஆளுகளுக்கு, நாலு அண்ணந்தம்பி இருக்கற வீடா அம்பது பாத்துச் சொல்லிக்கலாம். தூணுக்குத்தான் அலைய வேண்டியதாப் போச்சு."

"நம்ம கல்யாண மண்டபத்துல வரிசையா நிக்குதுங்க" என்றான் குப்பணன். அன்றைக்கு அவன் முகத்தில் அப்படியொரு தெளிவு.

கடப்பாரை இல்லை என்று சத்தியம் பண்ணினேன். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே ஓடினேன். மண்டபத்துக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது, யாருக்கோ நிச்சயதார்த்தம். வாசலில் நாலு பேரும் முதல் தூணைக் கட்டிப்பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

மாரப்பன் முகம் வாடியிருந்தது. "அண்ணா, நம்ம கடைத் தூணு ஒல்லி. இதெல்லாம் ஒரே குண்டா இருக்குதே. கவுனு சேருமா?"

சென்னியப்பன் ரெண்டு உள்ளங்கையிலும் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு கடப்பாரையை ஓங்கினான்.

"உனக்கு எத்தன தடவடா சொல்றது? சுத்துக் கவுனு குண்டா இருக்கறவங்களுக்குத்தான் இன்னும் எடுப்பா இருக்கும்!"