படம், அப்புறம் படம்

ஒரு காட்டில் கணக்குச் சொல்லித்தர ஓர் இணையதளம் இருந்தது. பாதி விலங்குகளால் அதில் ஒரு கணக்குக்கூடப் போட முடியவில்லை.

செய்தது மயில். முகப்பில் "எல்லோருக்கும் கணக்கு" என்று எழுதி வைத்தது. உள்ளே கணக்கெல்லாம் படம். ஏழு மாம்பழம் என்றால் ஏழு நிறத்தில் மாம்பழம். ஒரு கணக்குக்குப் பத்து நொடி. எழுத்து என்று இருந்தது, "நேரம் முடிந்தது" மட்டும்தான்.

சிங்கத்துக்கு அது பிடித்துப்போயிற்று. மழைக்கு முன்னால் பத்துக் கணக்குப் போட்டவருக்குத்தான் மேட்டில் வளை என்று உத்தரவு போட்டது. ஏன் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. உத்தரவு என்றால் உத்தரவு.

மூஞ்சூறின் வளை பள்ளத்தில். குட்டிகள் நான்கு. போன மழையிலேயே தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது.

அதற்குக் கண் மங்கல். கணக்கிலோ அது புலி. புலியே ஒத்துக்கொண்ட விஷயம்.

திரையை வாசித்துச் சொல்ல மைனாவைக் கூட்டி வந்தது. எழுதியிருப்பதைத்தான் மைனா வாசிக்கும். சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்காது.

"படம்" என்றது மைனா. "அப்புறம் படம். அதற்குக் கீழே படம். நேரம் முடிந்தது."

பக்கத்தில் ஒரு நத்தை. முதுகிலேயே வீடு இருப்பதால் அதற்கு வளை தேவையில்லை. கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான். விடை தெரியும், போய்த் தொடுவதற்குள் பத்து நொடி ஓடிவிடும். நான்கு நாளாக முதல் கணக்கிலேயே நின்றது.

இரண்டும் மயிலிடம் போயின. படத்துக்குக் கீழே நாலு சொல் எழுதச் சொன்னது மூஞ்சூறு. கடிகாரத்தை எடுக்கச் சொன்னது நத்தை. அழகு கெட்டுவிடும் என்றது மயில்.

"கண்ணை நன்றாகத் திறந்து பாரேன்" என்று மூஞ்சூறிடம் சொல்லிவிட்டு, தோகையை ஒரு சிலுப்பு சிலுப்பியது.

மூஞ்சூறு தன் வளைக்குத் திரும்பியது. மறுநாள் காலையில் வந்தது.

"மயிலாரே, உங்களைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன். என் வளைச் சுவரில் இருக்கிறது."

மயில் ஓடியது. வளைக்குள் தலையை விட்டது. கழுத்துவரைதான் போயிற்று. தோகை வெளியே துடைப்பம் மாதிரிக் கிடந்தது.

"ஒன்றும் தெரியவில்லையே."

"கண்ணை நன்றாகத் திறந்து பாருங்களேன்" என்றது மூஞ்சூறு.

மயில் மைனாவை அழைத்து வாசிக்கச் சொன்னது. மைனா எட்டிப் பார்த்தது.

"இருட்டு. அப்புறம் இருட்டு. அதற்குக் கீழே இருட்டு."

சுவரில் இருந்தது நகத்தால் கீறிய பாட்டு. மூஞ்சூறு தடவினால் வாசித்துவிடும். ஆனால் வாசிக்கவில்லை. தளத்தில் சொல் ஏறட்டும், கடிகாரம் இறங்கட்டும், பாட்டு தானாக வெளியே வரும் என்றது. மயில் அரை நாள் தாங்கியது. சாயங்காலம் ஒத்துக்கொண்டது.

ஒத்துக்கொண்டதே தவிர, உட்கார்ந்து எழுதவில்லை. மழைக்காலம் வருகிறது, ஆட்டம் பழக வேண்டும் என்று போய்விட்டது.

ஆனாலும், அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் மேகம் இறங்கி நின்றபோது மைனா வாசித்துக்கொண்டிருந்தது.

"ஒன்பது கூடை. கூடைக்கு எட்டுக் கொய்யா. மொத்தம் எத்தனை?"

"எழுபத்திரண்டு."

அது பத்தாவது கணக்கு. முதல் தூறல் விழுந்தது. குட்டிகள் ஒன்றன் வாலை ஒன்று கவ்விக்கொள்ள, மூஞ்சூறு வரிசையாக மேடேறியது. வழியில் ஆடிக்கொண்டிருந்த மயிலிடம் பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் போயிற்று:

"மயிலின் படங்கள் வெகு அழகாம். பார்த்தவர்கள் சொன்னார்கள்."

காடே மயிலைப் பாராட்டியது. மயிலும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டது. ஆனால் இருநூறு படத்துக்கும் கீழே ஒன்றுவிடாமல் சொல் எழுதி, கடிகாரத்தைக் கழற்றி எறிந்தது அது இல்லை. நத்தை.

நீதி: எல்லோருக்கும் என்று எழுதி வைத்தால் போதாது, எல்லோருக்கும் எட்டும்படி வைக்க வேண்டும்.