வேண்டாம் என்று சொன்ன அறை

விலை கேட்கும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் சந்தைப் பக்கமே வரக்கூடாது என்பது குருவையாவின் கட்சி. பழுதான பம்புசெட் மோட்டார்களை வாங்கிச் சரிபண்ணி விற்று, எவன் தயவும் இல்லாமல் விருதுநகரில் சொந்த ஷெட் போட்டவர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் ஏமாந்து ஏமாந்து படித்தது. தேவையைக் காட்டினால் விலை ஏறும். வேண்டாம் என்று படியிறங்கினால் பின்னாலேயே குரல் வரும். இந்த இரண்டை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

மனைவி சீனியம்மாளையும் அப்படியே பழக்கியிருந்தார். ஜவுளிக்கடையில் எந்தச் சேலை பிடித்திருக்கிறதோ, அதைத்தான் அவள் குறை சொல்ல வேண்டும். "சாயம் நிக்காது போலயே" என்று அவள் உதட்டைப் பிதுக்குவாள், இவர் எழுந்திருப்பார், கடைக்காரர் இறங்கி வருவார். முப்பது வருஷ ஏற்பாடு.

அந்தச் சீனியம்மாளுக்குக் கண்ணில் அழுத்தம். பக்கப் பார்வை போய்விட்டது. நேர் எதிரே உள்ளது மட்டும், குழாய்க்குள் இருந்து பார்ப்பதுபோலத் தெரியும். அதுவும் வருஷம் முடிவதற்குள் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கொடைக்கானலில், காலையில் முழித்ததும், படுத்தபடியே ஏரியைப் பார்க்க வேண்டும். கரையில் நின்று பார்க்கலாமே என்றால், சீசன் கூட்டத்தில் அவளால் நாலடி நடக்க முடியாது. குதிரையும் சைக்கிளும் எந்தப் பக்கம் வருகிறதென்றே தெரியாது.

முன்பதிவு செய்தால் பேரத்துக்கு இடமில்லை என்று குருவையா சும்மா வந்து இறங்கினார். மூன்று விடுதிகளில் ஏரிப்பக்க அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலாவதில், மாடியில் ஒரே ஓர் அறை மிஞ்சியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கட்டிலுக்கு நேரே தண்ணீர்.

ஏறும்போதே அவர் மனைவியின் காதில் போட்டு வைத்தார். "நல்லாருக்குன்னு மூஞ்சியில காட்டிறாத."

சீனியம்மாள் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. மேனேஜர் பெலிக்ஸ், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அவள் திரும்பினாள். "ஈரக்காத்தா அடிக்குதே. எனக்கு ஒத்துக்காது" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. நாக்குக்குப் பழகிய பேச்சு.

கீழே வந்து குருவையா பேரத்தை ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயைக் குறை சொன்னார், கம்பளியைக் குறை சொன்னார். பெலிக்ஸ் இறங்கவில்லை. "அப்ப எங்களுக்கு வேண்டாம்" என்று மனைவியை வரவேற்பறை நாற்காலியில் விட்டுவிட்டுப் படியிறங்கினார். எதிரே மக்காச்சோள வண்டி. ஒரு கதிரை வாங்கி, ஒவ்வொரு முத்தாகத் தின்று, தக்கையைத் தூக்கிப் போடும் வரைக்கும் நின்றார். குரல் வரவில்லை.

திரும்பிப் போனால், சாவி திருப்பூரிலிருந்து வந்த புதுத் தம்பதியின் கையில் இருந்தது. சொன்ன வாடகைக்குத் தலையாட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். நாற்காலியிலிருந்த சீனியம்மாளும், பேரத்தில் குறுக்கிடக்கூடாது என்ற பழக்கத்தில் தடுக்கவில்லை.

குருவையா கத்தினார். பெலிக்ஸ் குரலை உயர்த்தவில்லை. வேண்டாமென்றது நீங்கள்தானே, அம்மாவும் ஒத்துக்காதென்றார்களே என்று நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொன்னார்.

அப்போதுதான் குருவையா ஆயுசில் முதல்தடவையாக இன்னொருவரிடம் தன் தேவையைக் காட்டினார். கண்ணைப் பற்றிச் சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார், அவள் கேட்டது இது ஒன்றுதான் என்றார். சீசனுக்குச் சீசன் அந்த மேஜைக்கு எதிரே நெஞ்சுவலிக் கதைகளையும் பிள்ளைத்தாய்ச்சிக் கதைகளையும் கேட்டு அலுத்தவர் பெலிக்ஸ். "சார், முதல்லயே சொல்லியிருந்தா வாடகையைக்கூடக் குறைச்சிருப்பேன். ரூம் போனப்புறம் சொன்னா எப்படி சார் நம்புறது?" என்றார்.

குருவையாவின் கை அவர் சட்டையைப் பிடித்துவிட்டது.

மாடிப்படியில் கால் வைத்திருந்த புதுப்பெண் மேகலா இறங்கி வந்தாள். சீனியம்மாளின் பக்கவாட்டில் நின்று சாவியை நீட்டினாள். "நெசமாவே கண்ணு போகுதுங்களாம்மா? அப்படின்னா நீங்களே இருந்துக்குங்க."

நீட்டிய சாவி சீனியம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் பார்வை அதைத் தேடவும் இல்லை. அது குருவையா ஒருவருக்குத்தான் புரிந்தது.

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சீனியம்மாள் சிரித்தாள். "கண்ணுக்கெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. இவரு பேரத்துக்காக எதையும் சொல்லுவாரு. நீங்க போயி சந்தோசமா இருங்க."

பெலிக்ஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூன்று மணி பஸ்ஸில் இருவரும் மலையிறங்கினார்கள்.

இப்போது சொல்லுங்கள். காதில் விழுந்த பேச்சை நம்பி உண்மையை நம்பாத பெலிக்ஸ். அறை கைவிட்டுப் போனபின் உண்மையை எடுத்து வைத்த குருவையா. ஒரு பொய்யைச் சொல்லித் தன் ஆசையைத் தானே தள்ளிவிட்ட சீனியம்மாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பெலிக்ஸைத் திட்டுகிறவர்கள் ஒரு சீசன் அந்த மேஜையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவர்மேல் தப்பில்லை, ஆனால் தப்பில்லாததெல்லாம் சரியாகிவிடாது. குருவையாவுக்கு மன்னிப்பே கிடையாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய பொருளை வைத்துத்தான் படியிறங்கலாம். அவர் இறங்கியது அப்படிப்பட்ட ஒன்றை வைத்தா? சரியாகச் செய்தவள் சீனியம்மாள். அந்தச் சாவியை வாங்கியிருந்தால் விடிந்ததும் ஏரி தெரிந்திருக்கும். ஆனால் அது தன் கண்ணைக் காட்டி, நேற்றுக் கல்யாணமான பெண்ணிடமிருந்து வாங்கிய ஏரியாக இருந்திருக்கும். அதைக் கடைசியாகப் பார்க்க அவளுக்கு மனமில்லை. கார்த்திகை பிறக்கும் முன்பே பார்வை முழுக்கப் போயிற்று. கடைசியாக என்ன பார்த்தாய் என்று அவளைக் கேட்கக் குருவையாவுக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.