மிக்கேலுக்குக் குளிர்ந்த மதியம்

"முப்பத்திரண்டு வருஷம் வெயிலை அளந்தேன் அம்மா. ஆனா நான் சொல்லுறதை ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க."

கோமதிநாயகம் இதைச் சொன்னபோது, பேராச்சி அம்மா மடத்து வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகத்துக்கு வயது அறுபத்தொன்று. வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் உப்பளத்தை ஒட்டிய அந்தச் சின்ன மடத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவர் அம்மாதான்.

"என்ன சொன்னீங்க?"

"பூமி சூடாகிட்டே வருதுன்னு. இங்க பகலைவிட ராத்திரிச் சூடு அதிகமா ஏறியிருக்குன்னு. தினமும் டீக்கடைச் சிலேட்டுல எழுதிப் போடுதேன்."

"அவங்க?"

"'எங்களுக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி'ங்காங்க. மார்கழியில ரெண்டு நாள் பனி கொட்டுச்சு. 'உலகம் சூடாகுதுன்னீரே, நான் ரெண்டு போர்வை போர்த்தினேனே'ன்னு ஒருத்தன் சிரிக்கான்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"போன சித்திரையில அளத்துல உப்பு வாரிக்கிட்டிருந்த ரெண்டு பேர் சுருண்டு விழுந்து செத்தாங்க. அன்னைக்கும் எழுதிப் போட்டிருந்தேன் அம்மா."

அம்மா கீரையை முறத்தில் தள்ளினார்.

"நாளைக்கு எழுதாதீங்க. வீடு வீடாப் போய்க் கேளுங்க."

"என்னன்னு?"

"உங்களுக்கு எப்படி இருக்குன்னு."

"அவங்க சொன்னதும் நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மறுநாள் உச்சிவெயிலில் போனார். கேட்டார். சாயங்காலம் கோபத்தோடு திரும்பினார்.

"டீ மாஸ்டர் அடுப்பை விட்டு வெளியே வந்து, 'ஆஹா, என்ன குளுகுளுன்னு இருக்கு'ங்கான். ஏசி காரிலிருந்து இறங்கின ஒருத்தர், பத்தடி நடக்குறதுக்குள்ள வெந்து போனேங்கார். அளத்துல முத்துப்பேச்சின்னு ஒரு பொம்பளை, 'தலைக்கு ஒண்ணும் தெரியல, பாதம் மட்டும் எரியுது'ங்கா. ஒரே வெயிலு அம்மா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

"யாராவது பொய் சொன்னாங்களா?"

அவர் யோசித்தார்.

"இல்ல. ஆனா எல்லாம் தப்பு."

"நாளைக்கும் போங்க."

"எத்தனை நாளைக்கு?"

அம்மா எழுந்து கீரையைக் கழுவப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அனல்காற்று வீசியது. அளத்துக் குடியிருப்பில் தகரக் கூரை போட்ட கடைசி வீட்டுக்கு வந்தார் கோமதிநாயகம். கதவு திறந்திருந்தது. உள்ளே மிக்கேல் என்ற வயதானவர் படுத்திருந்தார். நாற்பது வருஷம் உப்பு வாரியவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தார்.

"உங்களுக்கு எப்படி இருக்கு பெரியவரே?"

"குளிருதுய்யா."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து எரிச்சல் வந்தது. நாற்பத்திரண்டு டிகிரியில் என்ன குளிர் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வாயை மூடிக்கொண்டார். வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

"எங்கே குளிருது?"

மிக்கேல் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மெல்ல நீட்டினார்.

கோமதிநாயகம் அதைப் பிடித்தார். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. பெரியவரின் கண்கள் எங்கோ பார்த்தன.

அடுத்த நொடி கோமதிநாயகம் தெருவில் நின்று, பெரியவரை வெயில் தாக்கிவிட்டது, தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்.

முதலில் ஓடி வந்தவள் முத்துப்பேச்சி. பின்னாலேயே நான்கைந்து பெண்கள். கம்பளியை உருவிப் போட்டுவிட்டுக் கட்டிலோடு தூக்கி வாகைமரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி தன் முந்தானையை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். ஒருத்தி முறத்தால் விசிறினாள். 108 வண்டி வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை யாரும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணி ஊத்தினது யாரு?" என்று கேட்டார். எல்லாரும் முன்னால் வந்தார்கள்.

"நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க" என்றார்.

கோமதிநாயகம் சட்டை காயாமலேயே மடத்துக்கு வந்தார். வாசலில் உட்கார்ந்தார்.

"அவர் குளிருதுன்னார் அம்மா. அது பொய்யில்ல. அவருக்குக் குளிரத்தான் செஞ்சுது."

"ம்."

"அன்னைக்குச் செத்தாங்களே, அந்த ரெண்டு பேரும் என்ன சொல்லியிருப்பாங்க? நான் கேக்கவே இல்லையே."

அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடித்தார். குடிக்கும்போதே அழுதார்.

ஒரு வாரம் கழித்து முத்துப்பேச்சி மடத்துக்கு வந்தாள். கூட இருபது பெண்கள்.

"அண்ணாச்சி, மிக்கேல் தாத்தாவுக்கு அப்படி ஆகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எங்களுக்கும் சொல்லுங்க."

அன்று அவர் பேசினார். சித்திரை ஏன் வரவரக் கடுமையாகிக்கொண்டே போகிறது, ராத்திரி ஏன் ஆறுவதில்லை, பழகிப்போன உடம்பு எப்படி ஏமாற்றும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இடையிடையே அவர்கள் கேள்வி கேட்டார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அளத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிப் பத்து மணிக்கு முடிந்தது. முதலாளி முதலில் முறைத்தார். இருபது பேரும் வாகைமரத்தடியில் உட்கார்ந்து எழ மாட்டோம் என்றதும் சரி என்றார். பகலில் ஒவ்வொரு பெண்ணும் இரண்டு வீடு பார்த்தாள். படுத்திருப்பவர்களிடம் எப்படி இருக்கு என்று கேட்டு, பதில் எதுவானாலும் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். தகரக் கூரைகளுக்கு மேல் தென்னங்கீற்று ஏறியது.

அந்தச் சித்திரையில் குடியிருப்பில் ஒருவரும் சாகவில்லை.

கத்திரி வெயில் முடிகிற நாளில் கோமதிநாயகம் வேகுவேகென்று மடத்துக்கு நடந்து வந்தார். வாசலில் அம்மாவும் முத்துப்பேச்சியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, இனி வரப்போற வருஷங்கள்ல இதைவிடக் கூடும். என் கணக்கு தப்பாது."

"தெரியும்."

"பின்ன ஏன் எனக்குப் பயமே இல்ல? எனக்கு என்ன ஆச்சு?"

அம்மா முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

அவள் எழுந்து வந்து கோமதிநாயகத்தின் கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"சுடுது அண்ணாச்சி. வாங்க, முதல்ல நிழலுக்கு வாங்க."